முகூர்த்தம் மட்டும் மலையேறட்டும்

பழனி, ஆயக்குடி, நெய்க்காரப்பட்டி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு பக்கத்து வீடுகளில் தெலுங்கு பேசி, பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து, இப்போது கல்யாணத்தைக் கொடைக்கானலில்தான் வைப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் பாதிப் பேருக்கு நான் அத்தை முறை. மீதிப் பேரிடமும் அந்த உரிமையிலேயே பேசிவிடுகிறேன். இந்த மடலைத் தெலுங்கில் எழுதியிருக்கலாமே என்று யாரும் கேட்கமாட்டீர்கள். நம் வீடுகளில் தெலுங்கு நாக்கில் இருக்கிறது, கையில் இல்லை.

மலைமேல் கல்யாணம் வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. அங்கே போவதற்கு முன்னால் இரண்டு காரியங்களைத் தீர்மானித்துவிட்டுப் போங்கள் என்கிறேன். நம் வீட்டுச் சடங்கு எது என்பது முதலாவது. அதில் எதை மலைக்கு ஏற்றலாம், எதை அடிவாரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. நீங்களோ தலைகீழாகப் போகிறீர்கள். முதலில் விடுதிக்கு முன்பணம், பிறகு அலங்காரக்காரர், பிறகு அவர் நீட்டும் ‘தெலுங்குக் கல்யாணப் பட்டியல்’. அவ்வாவிடம் கேட்பது கடைசியில், அதுவும் புடவை நிறத்தைப் பற்றி.

அந்தப் பட்டியலை நானும் பார்த்தேன். பெண்ணை மூங்கில் கூடையில் உட்கார வைத்து மாமன்மார் தூக்கி வருவது, மணமக்களுக்கு நடுவே பிடிக்கும் அட்டுதெர என்ற திரை, தலையில் வைக்கும் ஜீலகர்ர-பெல்லம், அள்ளிக் கொட்டும் தலம்ப்ராலு, சிவப்புக் கரை போட்ட வெள்ளை மதுபர்க்கம். எல்லாம் அழகான சடங்குகள்தான். பலிஜா, கம்மவார், ரெட்டியார் வீடுகள் சிலவற்றில் இவற்றுள் பலவும் இன்றும் உண்டு. ஆனால் தெலுங்குக் கல்யாணம் என்று ஒன்றே ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு சினிமாவிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் வந்தது. கிருஷ்ணா, கோதாவரிக் கரையில் நடப்பது ஒன்று. ஐந்நூறு வருடங்களாக வைகைக்கும் அமராவதிக்கும் இடையில் வாழ்ந்த நம் பாட்டன்மார் செய்தது இன்னொன்று. இரண்டாவது முதலாவதின் தேய்ந்த பிரதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கம்பளத்தார் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் தொட்டிய நாயக்கர் என்ற பெயரில் கம்பளத்தார் திருமணமும் இருக்கிறது. ஊருக்கு வெளியே பச்சை இலைகளால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் தனித்தனிக் குடில் போடுவதை அவர் எழுதியிருக்கிறார். இன்றும் நம் பக்கத்துக் கிராமங்களில் சில வீட்டார் கொப்பும் குழையும் வெட்டி வந்து குடில் போடுகிறார்கள். ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை. சாதிப் பெரியவர்கள் நின்று நடத்துவார்கள். தேவதுந்துபி என்று அவர்கள் சொல்லும் உருமி முழங்கும். கையில் துணியும் காலில் சலங்கையுமாகத் தேவராட்டம் ஆடுவார்கள். விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரை 1801இல் வெள்ளைக்காரன் தூக்கிலிட்டான் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவர் வீட்டுக் கல்யாணத்தில் முழங்கியதும் உருமியாகத்தான் இருந்திருக்கும். அந்த வழியில் வந்த பிள்ளை ஒருத்தி, உருமி வேண்டாம், ஆந்திராவிலிருந்து சன்னாயிக்காரர் வரட்டும் என்கிறாள். அவள் இஷ்டம். ஆனால் தன்னிடம் இருப்பது என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு வேண்டாம் என்று சொல்லட்டும்.

சட்டத்துக்காகவாவது ஏழடி வைக்க வேண்டாமா என்று கேட்கிறீர்கள். வேண்டியதில்லை. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ வழக்கமாகச் செய்யும் சடங்கு எதுவோ அதுவே போதும் என்கிறது. சப்தபதி உங்கள் வழக்கத்தில் இருந்தால்தான் ஏழாவது அடியில் கல்யாணம் முடிவதாகக் கணக்கு. ஐயரும் வேண்டாம், சாதிச் சடங்கும் வேண்டாம் என்பவர்களுக்கு, தமிழ்நாடு 1967இல் சேர்த்த 7-அ பிரிவு இருக்கிறது.

ஆக, முதல் வேலை இது. அப்பா வழி அவ்வா, அம்மா வழி அவ்வா இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் சண்டை வரும். பொட்டுத்தாலி யார் வீட்டிலிருந்து வரும்? ஒன்றா, இரண்டா? ஆந்திர வழக்கத்தில் பிறந்த வீட்டுப் புஸ்தெ ஒன்று, புகுந்த வீட்டுப் புஸ்தெ ஒன்று என இரண்டு உண்டு. நம்மில் சில வீடுகளில் ஒன்றுதான். நலங்கில் என்ன பாடுவார்கள்? கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பாட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பாட்டுகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாடுகிறவர்களுக்கு எழுதவும் தெரியாது. எழுபத்தைந்து வயது அவ்வாவை மூன்று மணி நேரம் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய், குளிரில் உட்கார வைத்து, ‘பாடு அவ்வா’ என்றால் இருமல்தான் வரும். நலங்கு, பெண்ணை மணப்பெண்ணாக்கும் பெள்ளிகூத்துரு, மங்கள ஸ்நானம், குலசாமிக்குப் படைப்பது எல்லாவற்றையும் அடிவாரத்தில் வீட்டு வாசலிலேயே முடித்துவிடுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். முகூர்த்தம் மட்டும் மலையேறட்டும். மறுநாள் வீடு புகுவது மறுபடியும் கீழே.

இப்போது தேதி. இங்கேதான் பல குடும்பங்கள் முட்டிக்கொள்கின்றன, குறிப்பாகச் சம்பந்தி ஐதராபாத்திலோ விஜயவாடாவிலோ இருந்தால். நாம் சூரியனைப் பார்த்து மாதம் எண்ணுகிறோம். அவர்கள் அமாவாசையைப் பார்த்து எண்ணுகிறார்கள். நமக்கு ஆனி நல்ல மாதம். அதன் பின்பாதியில் பெரும்பாலும் அவர்களுடைய ஆஷாடம் புகுந்துவிடும், கல்யாணம் கிடையாது. நமக்கு ஆடி ஆகாது. அதே நாட்களில் அவர்களுக்கு ச்ராவணம் பிறந்து கல்யாணக் களை கட்டும். நாம் ஆவணியில் நாள் பார்த்தால் பாத்ரபதம் குறுக்கே நிற்கும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நாம் கிளம்பும்போது புஷ்ய மாதம் முடியட்டும் என்பார்கள். குருவோ சுக்கிரனோ சூரியனுக்கு அருகில் போய் மறையும் நாட்களை மூடம் என்று ஒதுக்குவது தனி. இத்தனையும் கழித்து இரு தரப்புக்கும் ஒத்துவரும் காலங்களில் ஒன்று, தை பின்பாதியும் மாசியுமாக வரும் மாக மாதம். மலைக்கும் அதுதான் தோது. மழை ஓய்ந்திருக்கும், கோடைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது.

சித்திரை, வைகாசியில்தான் வேண்டுமா? அப்படியானால் சீசனோடு மல்லுக்கட்டுங்கள். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்கு 2024 நவம்பர் 18 முதல் மலையில் அனுமதி இல்லை. ஆகவே ஒரே பெரிய சொகுசுப் பேருந்தில் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள், வேன்களாகப் பிரியுங்கள். இந்த விதிகள் வருடத்துக்கு ஒருமுறை மாறுகின்றன. விடுதிக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை பற்றிக் கேட்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்தது நினைவிருப்பவர்கள் அந்த மாதங்களில் மலையில் முகூர்த்தம் வைக்கமாட்டார்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் காலை ஆறிலிருந்து ஏழரை, அல்லது ஒன்பதிலிருந்து பத்தரை. ஆந்திரப் பஞ்சாங்கக்காரர் லக்னம் பார்த்து இரவு 1.40 என்று குறித்துக் கொடுப்பார். அவர்களுக்கு அது சர்வ சாதாரணம். விஜயவாடாவில் இரவு ஒன்றரை மணிக்கும் வியர்க்கும். கொடைக்கானல் ஏழாயிரம் அடி உயரம். மாக மாத இரவுகளில் ஏரிப் பக்கத்துப் பள்ளங்களில் உறைபனி விழும். மாப்பிள்ளை வேட்டியோடும் வெற்று மார்போடும், பெண் மெல்லிய பருத்தி மதுபர்க்கத்தோடும் உட்கார்ந்திருப்பார்கள். நெய் உறைந்து கரண்டியில் ஒட்டிக்கொள்ளும். பனி குடித்த விறகு புகையும். மூடிய அரங்கு என்றால் விடுதியின் தீ எச்சரிக்கை மணி அலறும். இன்னும் ஒன்று: இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியோ இசைக் கருவியோ கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. உங்கள் சன்னாயியும் கூடாது, என் உருமியும் கூடாது. ஆகவே புரோகிதரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: ‘ஐயா, பகல் லக்னமாகப் பாருங்கள். இடம் மலை.’ நல்ல புரோகிதர் பார்த்துக் கொடுப்பார். முடியவே முடியாது என்றால் முகூர்த்தத்தையும் அடிவாரத்தில் வைத்துவிட்டு வரவேற்பை மட்டும் மேலே வையுங்கள். என்னைக் கேட்டால் அதுவே நல்ல ஏற்பாடு, நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

இரவு முகூர்த்தத்தில் ஒரே ஒரு லாபம் உண்டு. அருந்ததியை உண்மையாகவே காட்டலாம். பகல் கல்யாணத்தில் வெளுத்த வானத்தைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்க, பெண்ணும் தெரிகிறது என்று பொய் சொல்வாள். மாக மாதத்தில் பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கு வடக்கில் சப்தரிஷி மண்டலம் ஏறி நிற்கும். வசிஷ்டருக்குப் பக்கத்தில் அருந்ததி. மே மாதமானால் பொழுது சாய்ந்ததுமே தெரியும். 1899இல் தொடங்கிய வானாய்வுக்கூடம் இருக்கும் மலை அது. மஞ்சு இறங்காதிருந்தால் நம் ஊர்ப் புழுதிக்குள் தெரியாத நட்சத்திரமெல்லாம் அங்கே தெரியும். பார்த்துவிட்டு அறைக்கு நடந்து போகும்போது மட்டும் கவனம். காட்டுமாடுகள் கொடைக்கானல் தெருவிலேயே இரவில் மேயும். பட்டுப்புடவையோடு அவற்றின் எதிரே போய் நிற்காதீர்கள்.

ஜீலகர்ர-பெல்லம் செய்யத் தீர்மானித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அரைத்த சீரகத்தையும் வெல்லத்தையும் பிசைந்து வெற்றிலையில் வைத்து, ஒருவர் தலையில் மற்றவர் அழுத்திப் பிடிக்கும் அந்த நொடிதான் ஆந்திர வழக்கத்தில் முகூர்த்தம். பொட்டுக் கட்டுவது அதற்குப் பிறகு, சில சமயம் வெகு நேரம் கழித்து. நம் திண்டுக்கல் மேளக்காரருக்கு இது தெரியாது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போதுதான் கெட்டிமேளம் கொட்ட அவர் காத்திருப்பார். படம் எடுப்பவரும் அப்படியே. உறவுக்காரர்கள் கையில் அட்சதையை வைத்துக்கொண்டு, எப்போது போடுவது என்று விழிப்பார்கள். திரை விலகி, பெண்ணும் பையனும் ஒருவரை ஒருவர் பார்க்கும் கணம் யாரும் கவனிக்காமலே போய்விடும். முதல் நாள் மாலை மேளம், படம், சமையல் மூன்று தரப்பையும் கூட்டி, யாராவது ஒரு மாமா வரிசையைச் சொல்லிவிட வேண்டும். அந்த வேலையைக் குரல் பெரிதாக இருப்பவரிடம் கொடுங்கள். வெல்லத்தை எங்கிருந்தோ தருவிக்காதீர்கள். நெய்க்காரப்பட்டிச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. மதுபர்க்கத்துக்குச் சின்னாளபட்டியில் கேட்டுப் பாருங்கள். வெற்றிலைக்குச் சோழவந்தான், பூவுக்கு நிலக்கோட்டை. இவை எல்லாம் மலை ஏறும் வழிக்குப் பக்கத்தில் கிடைப்பவை. அலங்காரக்காரர் வெளிநாட்டுப் பூவுக்குச் சொல்லும் விலையில் நிலக்கோட்டைச் சந்தையில் ஒரு வண்டி மல்லிகை வாங்கலாம்.

கூடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண்ணைக் கூடையில் தூக்கிவரும் சடங்கு, தாய்மாமனுக்கு இடுப்பு நன்றாக இருந்த காலத்தில் வந்தது. பனியில் நனைந்த புல்தரையில், சரிவில், அவரை அந்தச் சோதனைக்கு ஆளாக்காதீர்கள். மேடை ஓரத்திலிருந்து பத்தடி தூக்கினால் போதும். சாமி கோபிக்காது.

சமையல்காரர் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். கீழே நாற்பது நிமிடத்தில் வேகும் பருப்பு மேலே ஒன்றரை மணி நேரம் ஆனாலும் முழித்துக்கொண்டே கிடக்கும். அடிவாரத்துச் சமையல்காரர் தன் கணக்கில் உலை வைத்தால், பந்தியில் பப்பு வராமல் சோறும் நெய்யும் மட்டும் வரும். பெரிய குக்கர்கள் கொண்டுபோகச் சொல்லுங்கள், பருப்பை ஊறவைக்கச் சொல்லுங்கள். தயிர் அந்தக் குளிரில் உறையாது. கீழேயே உறைய வைத்து ஏற்றுங்கள். போளி, அரிசெலு போன்ற பலகாரங்களை வீட்டில் செய்து டின்னில் அடைத்துவிடலாம். மலைப்பூண்டு மட்டும் மேலேயே வாங்குங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து விவசாயிக்கு நாலு காசு சேரட்டும்.

தண்ணீர் பாட்டிலை ஆளுக்கொன்றாக அடுக்கிவைக்கும் பழக்கம் அங்கே செல்லாது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடையும், ஒன்றுக்கு 20 ரூபாய்ப் பசுமை வரியும் 2024இல் வந்துவிட்டன. செம்பும் தம்ளரும் கொண்டுபோங்கள். நம் வீடுகளில் அவற்றுக்கா பஞ்சம்? பிளாஸ்டிக் பூசிய ‘இலை’ தமிழ்நாடு முழுக்கவே 2019 முதல் கூடாது. வாழையிலை கீழே வேண்டிய மட்டும் கிடைக்கும். மிச்சச் சோற்றைச் சோலை ஓரத்தில் கொட்டிவிட்டு வராதீர்கள். காட்டுமாடும் பன்றியும் அதைத் தேடி ஊருக்குள் வந்தால், அங்கே குடியிருப்பவர்கள்தான் அனுபவிக்க வேண்டும்.

எதிர்கொண்டு அழைக்கும் எதுருகோலு எங்கே என்று கேட்பீர்கள். பழனிப் பாதையும் வத்தலக்குண்டுப் பாதையும் சேரும் இடம் பெருமாள்மலை. பெண் வீட்டார் பழனி வழியாகவும் மாப்பிள்ளை வீட்டார் மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகவும் வந்தால் அங்கே சந்திப்பது பொருத்தம்தான். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலையில் பானகமும் பன்னீரும் வைத்துக்கொண்டு நின்றால் பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கும். விடுதி வாசலில் செய்யுங்கள். வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்து இறங்கும் சம்பந்தி அம்மாளுக்கு அந்தப் பானகம் சடங்காகவும் இருக்கும், மருந்தாகவும் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஆந்திர வழக்கத்தை எவ்வளவு விரும்பினாலும் கீழேயும் வேண்டாம், மேலேயும் வேண்டாம். கட்னம் என்ற வரதட்சணை. சம்பந்தி வீட்டார் அதை ‘எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம்’ என்று ஆரம்பித்தால், அது 1961 முதல் குற்றம் என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் பேச்சு நீண்டால், நான் வந்து சிரிக்காமல் சொல்கிறேன்.

கடைசியாக அழைப்பிதழ். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரியோதயத்தில் பிறக்கிறது. விடுதிக்காரருக்கும் இ-பாஸுக்கும் நள்ளிரவில் பிறக்கிறது. ‘புதன் இரவு 1.40’ என்று அச்சடித்தால், பாதி உறவினர் செவ்வாய் நள்ளிரவுக்கு வந்து நிற்பார்கள், மீதிப் பேர் வியாழன் காலை குளித்துவிட்டு வருவார்கள். ‘புதன் பின்னிரவு, ஆங்கிலக் கணக்கில் வியாழன் அதிகாலை’ என்று தேதியோடு போடுங்கள். திருமணத்தைப் பதிவு செய்யும்போதும் ஆங்கிலத் தேதிதான் எழுத வேண்டும். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அழைப்பிதழில் ஒரு தேதியும் விண்ணப்பத்தில் இன்னொரு தேதியுமாக இருந்தால் பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி மறுபடி அலையவிடுவார்கள். அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையும் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அத்தை